காலிக் கட்டத்தில் என்ன எழுதுவது? பேயீஸ் வழியில் விடுபட்ட தரவு

[திரையில்: எக்செல் தாள், நடுநடுவே காலிக் கட்டங்கள்]

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு சர்க்கரை ஆய்வு நடப்பதாக வைத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும், அதனால் காலை 7 மணிக்கே முகாம். கடலுக்குப் போனவர்கள் அந்நேரம் கரையில் இருக்கமாட்டார்கள். ஒரு பேச்சுக்கு, 300 பேர் பட்டியலில் 70 கட்டம் காலி.

பலரும் அந்த 70 வரிசையைத் தூக்கிவிட்டு மிச்சத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். அப்படிக் கிடைப்பது பெரும்பாலும் கரையில் இருந்தவர்களின் சர்க்கரை. சிலர் வந்தவர்களின் சராசரியை எல்லாக் காலிக் கட்டத்திலும் ஒட்டிவிடுவார்கள். என்னைக் கேட்டால் இது இன்னும் மோசம். 70 பேருக்கும் அச்சடித்தாற்போல் ஒரே அளவா? தரவின் பரவல் பொய்யாகச் சுருங்கிவிடும், தெரியாததெல்லாம் தெரிந்த மாதிரி ஆகிவிடும்.

[திரையில்: ஒரு காலிக் கட்டம் பெரிதாகி, அதற்குள் மணி வடிவ வளைவு]

புதுத் தகவல் வந்ததும் நம் ஊகத்தைத் திருத்திக்கொள்ளும் வழிதான் பேயீஸ் தேற்றம், பிளஸ் ஒன் கணக்கிலேயே வரும். தாமஸ் பேயீஸ் இறந்த பிறகு, 1763இல் வெளியான கட்டுரையில் பிறந்தது. அந்த வழியில், ஊரின் சராசரிச் சர்க்கரையும் தெரியாது, வராத ஒருவரின் சர்க்கரையும் தெரியாது, இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்துவோம். வயது, எடை, தொழில் ஆகியவற்றுக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பைக் கணினி முதலில் தோராயமாக எடுத்துக்கொள்ளும். அதை வைத்து ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும் நடக்கக்கூடிய ஓர் அளவைக் குலுக்கி எடுக்கும். நிரம்பிய தாளை வைத்துத் தொடர்பை மறுபடி கணிக்கும். அப்புறம் மறுபடி குலுக்கல். இப்படி ஆயிரக்கணக்கான சுற்று. டேனர், வோங் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1987இல் எழுதிய முறை இது. முடிவில் ஒரு கட்டத்தில் நிற்பது ஒற்றை எண் அல்ல, 105 முதல் 150 வரை என்பது போன்ற ஒரு வீச்சு. அந்தச் சந்தேகம் இறுதி விடை வரைக்கும் கூடவே வரும்.

சரி, கட்டம் ஏன் காலி? 1976இல் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் வகைப்படுத்திய கேள்வி இதுதான். தொழிலால் வரவில்லை என்றால் சிக்கல் குறைவு. தொழில் நம் தாளிலேயே இருக்கிறது. சில மீனவர்களையாவது அளந்திருந்தால் போதும். ஆனால் சர்க்கரை ஏறியிருக்குமோ என்ற பயத்தில் ஒருவர் முகாம் பக்கமே வராமல் இருந்தால்? அதைக் கையில் இருக்கும் தரவு காட்டிக்கொடுக்காது. பேயீஸும் மந்திரம் போடாது. "வராதவர்களுக்கு 0 முதல் 30 வரை கூடுதலாக இருக்கலாம்" என்று நம் ஊகத்தை வெளிப்படையாக எழுதி, அதை மாற்றினால் முடிவு எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கலாம். ஸ்டான், ஜேக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களில் இதைச் செய்ய முடியும்.

அதைவிட நல்ல வழி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் இன்னொரு முகாம் போடுவது. அந்த 70 பேரில் சிலர் கிடைத்தாலே வீச்சு குறுகும். என்ன, கடலுக்குப் போகாத நாட்களில் உடலுழைப்பு குறைவு, சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கலாம். எந்த மாதம் அளந்தது என்பதையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.