ஆதார் யாரிடம் இருக்கிறது?

வணக்கம், எல்லாரும் சாப்பிட்டீர்களா? பின்னால் ஓவர்லாக் மெஷின் சத்தம் கேட்கும், கண்டுகொள்ளாதீர்கள், இன்று சரக்கு போகிற நாள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு, திருப்பூரில் குழந்தைகளுக்கான பனியன் தைக்கிற சின்ன யூனிட் எங்களுடையது, 12 பேர் வேலை செய்கிறார்கள்.

போன மாதம் பையிங் ஆபீஸிலிருந்து, அதாவது வெளிநாட்டு பையர்களுக்காக இங்கே ஆர்டர் பார்க்கிற ஆபீஸிலிருந்து, ஒரு கேள்வித்தாள் வந்தது. பிரிட்டனில் 2015-இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது, வருடத்துக்கு 3.6 கோடி பவுண்டு அல்லது அதற்கு மேல் வியாபாரம் செய்கிற கம்பெனிகள், தங்களுக்குச் சரக்கு வருகிற வழியில் நவீன அடிமைத்தனம் இல்லாமல் இருக்க என்ன செய்தோம் என்று வருடாவருடம் அறிக்கை வெளியிட வேண்டும். அந்தக் கேள்வி உருண்டு உருண்டு கடைசியில் என் மேஜைக்கு வந்துவிட்டது. அடிமையா, நம் யூனிட்டிலா என்று சிரித்துக்கொண்டே எல்லாவற்றிலும் 'இல்லை' என்று டிக் அடித்துக்கொண்டே போனேன், ஒரு கேள்வியில் பேனா நின்றுவிட்டது: நூல் எந்த மில்லில் இருந்து வருகிறது?

எனக்குத் தெரியாது. நான் வாங்குவது துணி. நூலைத் துணியாகப் பின்னுகிற நிட்டிங்காரருக்கு நூல் கொடுப்பது ஏஜென்ட், அதற்கு மேல் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இத்தனைக்கும் சுமங்கலித் திட்டம் என்றால் என்ன என்று எங்கள் ஊரில் தெரியாதவர் யார்? கிராமத்துப் பெண் பிள்ளைகளை மூன்று வருடத்துக்கு ஸ்பின்னிங் மில்லுக்குக் கூட்டிவந்து, ஹாஸ்டலை விட்டு வெளியே விடாமல், கல்யாணத்துக்கு ஆகும் என்று முடிவில் ஒரு தொகை தருவதாகச் சொல்வது. நடுவில் உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போனால் அந்தத் தொகை பல பேருக்குக் கிடைத்ததில்லை. அது அவர்கள் கூலியிலிருந்தே பிடித்து வைத்த காசு, பெயர் மட்டும் சீதனம்.

சரி, மில் தூரம், பக்கத்தில் பார்ப்போம் என்று எனக்கு ஜாப் ஒர்க் தைத்துத் தருகிற அண்ணனிடம் போனேன். அவரிடம் ஒடிசாப் பையன்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் ஆதார் எங்கே என்று கேட்டேன். "பத்திரமா என் பீரோவுல இருக்கும்மா" என்றார், பெருமையாகவே. ஏன் என்றால், அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்களாம், கழியும் முன்னே ஓடிவிடுவார்களாம்.

இதுதான், இதேதான். நம் நாட்டில் 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் சொல்வதே இந்த அட்வான்ஸைப் பற்றித்தான், கடனைக் காட்டி ஒருவரை வேறு இடம் போகவிடாமல் வைத்தால் அது கொத்தடிமை முறை, அந்தக் கடனைத் திருப்பிக் கட்டவே வேண்டியதில்லை. சங்கிலி, சாட்டை எல்லாம் வேண்டாம், ஒரு பீரோ சாவி போதும். 1982-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று சொல்லியிருக்கிறது.

அவரைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அவர் தன் போனை நீட்டினார். போன தீபாவளிக்கு ராத்திரி 11 மணிக்கு நான் அனுப்பிய மெசேஜ்: 'நாளை மறுநாள் 2,000 பீஸ் வேணும், ரேட்டில் 50 பைசா குறைச்சுக்கோங்க'. கேள்வித்தாளில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை பாருங்கள். ஆள் போய்விட்டால் அவர் என் தேதியைத் தவறவிடுவார், தவறவிட்டால் நான் வேறு ஆளைப் பார்ப்பேன், அதனால் பீரோவைப் பூட்டுகிறார்.

அவரிடம் வேலை கொடுப்பதை நிறுத்தியிருக்கலாம், ஆனால் அந்தப் பையன்கள் வேறு பீரோவுக்குப் போயிருப்பார்கள், அவ்வளவுதான். ஆதாரை அன்றே கையில் கொடுக்க வைத்தேன். பீஸுக்கு ஒன்றரை ரூபாய் ஏற்றினேன், தேதியில் பத்து நாள் கூடுதலாக விட்டேன், சனிக்கிழமை சம்பளத்தில் அட்வான்ஸைப் பிடிக்கக் கூடாது என்று பேசினோம். இரண்டு பையன்கள் மறு வாரமே ஊருக்குப் போய்விட்டார்கள். அண்ணனுக்கு என் மேல் இன்னும் கோபம்.

அவர் மறுத்திருந்தால் கோட்டாட்சியரிடம் போயிருப்பேன். மாவட்ட ஆட்சியரிடமும் சொல்லலாம். அவர்கள் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுப்பார்கள், உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். குழந்தைகள் என்றால் யோசிக்காமல் 1098, குழந்தைகள் ஹெல்ப்லைனுக்கு போன் போடுங்கள்.

நூல் விஷயத்தில் ஏஜென்ட் இன்னும் மழுப்புகிறார். மூன்று லாட்டில் ஒன்றுக்குத்தான் மில் பெயர் கிடைத்தது. கேள்வித்தாளில் அதை எழுதி, மற்ற இரண்டுக்கும் 'தெரியாது' என்று போட்டு அனுப்பிவிட்டேன். பையர் பதில் இன்னும் வரவில்லை. இருங்கள், டெம்போ வந்துவிட்டது, பேக்கிங் பார்க்கணும்.