பழைய காரின் துருவும், டிவி காட்டாத மணி நேரங்களும்

[திரை கருப்பு. ஸ்க்ரூடிரைவரால் இரும்பைத் தட்டும் ஓசை மட்டும். டக். டக். டக். நாலாவது தட்டில் ஓசை மாறுகிறது.]

அந்த நாலாவது தட்டைக் கவனித்தீர்களா? முதல் மூன்றும் நல்ல இரும்பு. நாலாவதில் ஸ்க்ரூடிரைவர் உள்ளேயே போய்விட்டது. வெளியே பளபளவென்று பெயின்ட், உள்ளே இத்துப்போன தகரம்.

பழைய கார்களைச் சீரமைக்கும் டிவி நிகழ்ச்சிகளைப் பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. மெக்கானிக் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒரு இடத்தைக் குத்துவார். முகத்தில் துருத்தூள் கொட்டும். அடுத்த காட்சியில் அதே இடத்தில் புதுத் தகரம் பெயின்ட்டோடு நிற்கும். இடையில் ஓடியது 20 நொடி. அந்த 20 நொடிக்குள் என்ன நடந்தது, அதைப் பார்க்க நாம் ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறோம் என்பதைத்தான் இந்த வீடியோவில் பேசப்போகிறேன்.

[காட்சி: லிஃப்டில் ஏற்றிய பழைய கார். கேமரா அடியில் மெதுவாக நகர்கிறது.]

முதலில் நிகழ்ச்சிகள். பிரிட்டனில் 2003-ல் 'வீலர் டீலர்ஸ்' தொடங்கியது. மைக் ப்ரூவர் பழைய காரைப் பேரம் பேசி வாங்கி வருவார், எட் சைனா பழுது பார்ப்பார், கடைசியில் விற்றுக் கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் உதிரிபாகங்கள் வரும், வெளியே கொடுத்துச் செய்த வேலை வரும். எட் சைனா ஒர்க்‌ஷாப்பில் உழைத்த நேரத்துக்குக் கூலி வராது. அதை மறந்துவிட்டு, டிவியில் லாபம் வந்ததே என்று பழைய காரில் இறங்கினால் கையைச் சுட்டுக்கொள்வோம்.

அமெரிக்காவில் 2004-ல் 'ஓவர்ஹாலின்' வந்தது. வடிவமைப்பாளர் சிப் ஃபூஸும் அவருடைய குழுவும், வீட்டாரின் கூட்டுச்சதியோடு ஒருவருடைய காரை அவருக்கே தெரியாமல் எடுத்துப்போய், ஒரே வாரத்தில் புதிதாக்கித் திருப்பித் தருவார்கள். ஒரு வாரத்தில் முடிவதற்குக் காரணம், ஒரு காரைச் சுற்றி ஒரு கூட்டமே இரவு பகலாக நிற்பதுதான். தனி ஆள் வார இறுதிகளில் மட்டும் செய்தால் அதே வேலை வருடக்கணக்கில் இழுக்கும்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது 2013-ல் தொடங்கிய 'கார் எஸ்.ஓ.எஸ்.' டிம் ஷாவும் ஃபஸ் டவுன்ஷெண்டும் நடத்துகிறார்கள். ஃபஸ் இதற்கு முன் ராக் இசைக்குழு ஒன்றில் டிரம்ஸ் வாசித்தவர். பெரும்பாலும் கார் உரிமையாளர் நோயிலோ வேறு துயரத்திலோ சிக்கியிருப்பார். ஆசையாக வேலையைத் தொடங்கி, முடிக்க முடியாமல் கொட்டகையில் காரை விட்டிருப்பார். குடும்பத்தார் ரகசியமாக எழுதிப்போட, குழு வந்து காரை எடுத்துப்போகும்.

இப்போது 2017-க்கு வருவோம். அந்த ஆண்டு எட் சைனா 'வீலர் டீலர்ஸ்' நிகழ்ச்சியை விட்டு விலகினார். ஒர்க்‌ஷாப்பில் அவர் செய்யும் விரிவான பழுதுபார்க்கும் பகுதிகளைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று அவரே வீடியோவில் காரணம் சொன்னார். எனக்கு அது ஒரு தொகுப்பாளர் மாறிய செய்தியாகத் தோன்றவில்லை. ஒரு போல்ட்டு ஏன் கழலவில்லை, எப்படிக் கழற்றுவது என்று நிறுத்தி நிதானமாகக் காட்டியவர் அவர். அந்தப் பகுதிதான் நிகழ்ச்சியின் உயிர்.

சரி, அந்த 20 நொடிக்குள் போவோம்.

[காட்சி: காரின் பக்கவாட்டு வரைபடம். கதவுக்குக் கீழே ஓடும் பாகம் சிவப்பில் ஒளிர்கிறது.]

கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை பெட்டி போல ஓடும் பாகத்துக்கு சில் என்று பெயர். உள்ளே வெற்றிடம். சக்கரம் வாரி அடிக்கும் சேறும் தண்ணீரும் உள்ளே போகும். வெளியேற விட்ட ஓட்டைகளைச் சேறே அடைத்துவிடும். குளிர் நாடுகளில் பனி உருகச் சாலையில் உப்பு வேறு தூவுவார்கள். துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. பெயின்ட்டில் ஒரு சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி தின்று முடித்திருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கக்கூடியது. அதனால் சேர்த்து வெல்டிங் செய்த இரண்டு தகடுகளுக்கு நடுவே புகுந்தால், ஆப்பு அடித்தது போல அவற்றைப் பிளந்துவிடும்.

இதை மறைக்க முன்பு யாராவது பட்டி பூசியிருப்பார்கள். கண்டுபிடிக்க ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பார்ப்பார்கள். இரும்பென்றால் ஒட்டும், பட்டி கனமாக இருந்தால் நழுவி விழும்.

அப்புறம் வெட்ட வேண்டும். துரு இருக்கும் இடத்தை மட்டும் வெட்டினால் போதாது, பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை வெட்ட வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் போன்ற கூரையில்லாத காரில் உடம்பின் பாரத்தைத் தாங்குவதே இந்த சில்தான். அப்படியே வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். அதன் மேல் புதுத் தகரத்தை வெல்டிங் செய்துவிட்டால் அந்தத் தொய்வு நிரந்தரம். எல்லாம் முடிந்து கதவை மாட்டும்போதுதான் அது மூடவில்லை என்பது தெரியும். அதனால் வெட்டும் முன்பே கதவு இருக்கும் திறப்பின் குறுக்கே இரும்புக் கம்பிகளை வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் செய்கிறார்கள். நிகழ்ச்சியில் அந்தக் கம்பி பின்னணியில் ஒரு கணம் தெரியும், யாரும் விளக்க மாட்டார்கள்.

வெல்டிங்கையும் ஒரே கோடாக இழுக்கக் கூடாது. மெல்லிய தகரம் சூட்டில் அப்பளம் போல நெளியும். இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி, பிறகு எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி, ஆறவிட்டு மீண்டும் முதல் இடம். இப்படிப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேரும்வரை போக வேண்டும்.

பெயின்ட்டுக்கு முந்தைய கட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிரைமர் மேல் கருப்பு நிறத்தை லேசாக, தூசி படிந்தது போல அடிப்பார்கள். பிறகு நீளமான கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்ப்பார்கள். மேடான இடத்தில் கருப்பு உடனே போகும், பள்ளத்தில் தங்கும். கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தை அந்தக் கருப்பு காட்டிக்கொடுக்கும். நிரப்பி, மறுபடி கருப்பு அடித்து, மறுபடி தேய்க்க வேண்டும்.

[காட்சி: பானெட் திறக்கிறது. இன்ஜினுக்கும் மட்கார்டுக்கும் நடுவே கீழே தரை தெரிகிறது.]

இதையெல்லாம் பார்க்க ஏன் இவ்வளவு பேர் உட்காருகிறோம்? இளமைக்கால நினைவு ஒரு காரணம்தான். அப்பா ஓட்டிய கார், பின் சீட்டின் வாசனை, யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் தான் பிறக்கும் முன்பே தயாரிப்பு நின்றுபோன காரின் மேல் 20 வயதுப் பிள்ளைகளும் உயிரையே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கார் எந்த நினைவையும் தராது.

என் கணிப்பு இது. அந்தக் காரைப் பார்த்தாலே அது எப்படி வேலை செய்கிறது என்று புரிகிறது. பழைய காரின் பானெட்டைத் திறந்தால் தரை தெரியும், கை உள்ளே போகும். கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலப்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில், திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் பாயிண்ட் என்ற தொடுமுனைகளின் இடைவெளி 0.4 மில்லிமீட்டர். ஒரு மெல்லிய தகட்டை நுழைத்து, லேசாக உரசிக்கொண்டு வருகிறதா என்று விரலால் உணர்ந்து சரிசெய்யலாம். மெக்சிகோவின் புயெப்லாவில் 2003-ல் கடைசி பீட்டில் வெளிவரும்வரை அந்த வகையில் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் தயாரித்தார்கள். அத்தனை காரும் ஒரு சின்னப் பெட்டி ஸ்பேனர்களுக்கு அடங்கியது.

அதற்காகப் புது கார்களைக் குறை சொல்லவில்லை. ஏர்பேக்கும், மோதலில் நசுங்கி ஆளைக் காக்கும் முன்பகுதியும் அந்தப் பழைய கார்களில் கிடையாது. புகையும் அதிகம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபிவா, 1966-ல் தொடங்கியது. 30 வயது தாண்டியதும், வரலாற்றுக்குச் சரியான நிலையில் காக்கப்பட்டதும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததுமான வாகனத்தைத்தான் அது வரலாற்று வாகனம் என்கிறது. அதன் டூரின் சாசனம், முடிந்தவரை மூலப்பொருளை மாற்றாமல் காப்பாற்றுங்கள் என்கிறது. டிவிக்கு இது ஒத்துவராது. திரையை விலக்கும்போது கார் கண்ணாடி போல மின்ன வேண்டுமே! அதனால் நன்றாக இருக்கும் பழைய பெயின்ட்டையும் சுரண்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். கதவுப்பிடியைச் சுற்றி 50 வருட விரல்கள் தேய்த்த இடத்தைத் திரும்ப வாங்க முடியாது.

ஆனால் மீட்கவே முடியாத அளவு இத்துப்போனால்? எம்ஜிபி-க்கு 1988 முதல் புத்தம் புது உடம்பே கிடைக்கிறது, பழைய அச்சுகளைத் தேடியெடுத்து அழுத்திச் செய்தது. இன்ஜினும் சீட்டும் பழையது, உடம்பு புதியது. அது அதே காரா? ஓட்டி வளர்ந்தவர் "இது என் கார்தான்" என்றால் நான் மறுக்க மாட்டேன்.

[காட்சி: தார்ப்பாய் விலகுகிறது. ஒருவர் காரை நெருங்குகிறார்.]

அடுத்த முறை இப்படி ஒரு நிகழ்ச்சி பார்த்தால், கார் திரும்பக் கிடைக்கும் கடைசிக் காட்சியில் இசையை விட்டுவிட்டுக் கதவைக் கேளுங்கள். உரிமையாளர் உள்ளே உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்து, கதவை இழுத்துச் சாத்துவார். கதவைச் சுற்றி இடைவெளி ஒரே சீராக இருக்கும். வெட்டும் முன்னால் குறுக்கே வைத்து, வேலை முடிந்ததும் அறுத்தெடுத்த அந்தக் கம்பிகள் செய்த வேலை அது.

[திரை கருப்பு. கதவு மூடும் ஓசை, ஒரே ஒரு முறை.]