புதன்கிழமை ராத்திரி பதினொன்றே முக்கால்

ஐஐடி ஆசிரியர்கள் இணையத்தில் வீடியோவாக நடத்துகிற என்பிடெல் பாடத்தில் உங்களில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறீர்கள்? சரி, அத்தனை கையும் மேலே. எல்லா வீடியோவையும் பார்த்தவர்கள் எத்தனை பேர்? சிரிக்காதீர்கள், மாட்டிவிட வரவில்லை.

2011-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள், சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 1,60,000 பேர். அடுத்த வருஷம் அங்கேயே இன்னொரு பெரிய பல்கலைக்கழகமான எம்ஐடியின் இணைய மின்சுற்றுப் பாடத்தில் சுமார் 1,55,000 பேர் சேர்ந்து 7,157 பேர் தேறினார்கள்; முழு மதிப்பெண் வாங்கியவர்களில் ஒருவன் மங்கோலியாவின் உலான்பாத்தரில் இருந்த 15 வயதுப் பையன். நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேறவில்லையே என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. கதவைத் திறந்து வைத்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் வரத்தான் செய்வார்கள், கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் தேவாரம் பாடவா வருகிறார்கள், பாதிப் பேர் புளியோதரைக்கு.

என் கவலை வேறு: படிக்கிறவர் பக்கத்தில் கேட்க ஓர் ஆள் இருக்கிறாரா என்பதுதான். அதே மின்சுற்று வீடியோக்களை கலிஃபோர்னியாவின் சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் வீட்டில் பார்க்கச் சொல்லி, வகுப்பில் ஆசிரியரோடு உட்கார்ந்து கணக்குப் போட வைத்தார்கள். முன்பு அறுபதைத் தொடாத தேர்ச்சி 91 சதவீதம் ஆனது. 2013-ல் அதே பல்கலைக்கழகம் யுடாசிட்டி என்ற இணையப் பாட நிறுவனத்தோடு சேர்ந்து, வகுப்பறையே இல்லாமல் அடிப்படைக் கணிதம் நடத்திப் பார்த்தது. ஏறக்குறைய நாலில் ஒருவர்தான் தேறினார், திட்டத்தையே நிறுத்தி வைத்தார்கள்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 2003-ல் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்பிடெல்லில் படிப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால்தான் பணம் கட்டி மையத்துக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். மதிப்பெண்ணில் வாராவாரம் வரும் அசைன்மென்டுக்கு 25, பரீட்சைக்கு 75. அந்த 25-க்குத்தான், கெடு முடியப் போகிற புதன்கிழமை ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு விடுதியே விழித்திருக்கிறது. டெலிகிராமில் '1-ஏ, 2-சி, 3-பி' என்று வந்து விழும், கேள்வியைக்கூடப் படிக்காமல் தட்டிவிட்டுத் தூங்கிவிடுவீர்கள். நான் வேலை பார்த்த கல்லூரியில் ஒரு தடவை நாற்பது பிள்ளைகள் ஏழாவது கேள்விக்கு ஒரே தப்பான பதிலைப் போட்டிருந்தார்கள், அனுப்பிய அண்ணன் அவசரத்தில் மாற்றி அடித்துவிட்டாராம்.

சோம்பேறிகள் என்று திட்டிவிடலாம், ஆனால் அது பாதி உண்மைதான். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை, ஆங்கிலத்தில் வேகமாகப் போகிற பாடத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டு, அப்புறமும் புரியாவிட்டால் யாரைக் கேட்கும்? இணையத்தில் கேள்வி கேட்க இடம் இருக்கிறது, ஆனால் கேள்வியை வார்த்தையாக்கவே கொஞ்சம் புரிந்திருக்க வேண்டுமே. கல்லூரியோ பெயர் பதிந்த எண்ணிக்கையை வாசலில் பேனராகக் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறது.

நான் ஓய்வு பெற்ற ஆள், சும்மாதான் இருக்கிறேன். வரும் திங்கட்கிழமையிலிருந்து சாயங்காலம் நாலரைக்கு நூலக மாடியில் இருப்பேன். முதலில் பைத்தான் என்கிற கணினி மொழிப் பாடம், பார்க்காத வீடியோவைச் சேர்ந்தே பார்ப்போம். லேப்டாப்பைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வாருங்கள், அங்கே ரெண்டு பிளக் பாயின்ட்தான் வேலை செய்கிறது.