550 வாங்கினவர் 580 வாங்கினா மொழி வளர்ந்துடுச்சா?

வணக்கம் மக்களே. ஒருத்தர் காலேஜ் சேர்ந்தப்போ டோயிக்னு (TOEIC) ஒரு இங்கிலீஷ் தேர்வு எழுதி 550. மூணாம் வருஷம் அதே டோயிக்ல 580. முப்பது மார்க் கூடிடுச்சே, இங்கிலீஷ் வளர்ந்துடுச்சுன்னு சொல்லலாமா?

அவசரப்படாதீங்க. அந்தத் தேர்வுல ரெண்டு பகுதி: காதால கேட்டுப் புரிஞ்சுக்கறது ஒண்ணு, படிச்சுப் புரிஞ்சுக்கறது ஒண்ணு. ஒவ்வொரு பகுதிக்கும் அளவுப் பிழையே, அதாவது திறமை மாறாமலே மார்க் கூடக் குறைய ஆடறதே, சுமார் 25 மார்க் இருக்கு. ரெண்டு தடவை எழுதினதைக் கழிச்சுப் பாக்கறப்போ பிழை ஒரு பகுதிக்கு 35 வரைக்கும் போயிடும். அதனால ஒருத்தரோட 30 மார்க்கை நம்பி எதுவும் சொல்ல முடியாது.

சரி, வகுப்போட சராசரி எடுத்தா? பிழை குறையும், ஆனா வேற வம்பு வரும். முதல் வருஷம் எல்லாரும் எழுதுவாங்க. கடைசி வருஷம் தைரியம் இருக்கறவங்கதான் வருவாங்க. சராசரி தானா ஏறும். ரெண்டு தேர்வையும் எழுதினவங்களை மட்டும் ஒப்பிடுங்க. அதே வினாத்தாளைத் திரும்பக் கொடுத்தா ஞாபகத்துக்குத்தான் மார்க் விழும். ரெண்டு தாள் வச்சுக்கோங்க: பாதிப் பேருக்கு முதல்ல அ, பாதிப் பேருக்கு ஆ. அடுத்த தடவை மாத்திக் கொடுங்க. இன்னொண்ணு, அடிமட்ட மார்க் வாங்கினவங்களை மட்டும் பொறுக்கி சிறப்பு வகுப்பு வச்சா, வகுப்பே நடக்காட்டியும் அடுத்த தேர்வுல கொஞ்சம் ஏறத்தான் செய்வாங்க. முதல் நாள் சொதப்பினவங்களும் அந்தக் கூட்டத்துல இருக்காங்க இல்லையா, அதான்.

பேச்சை அளக்கணும்னா ரெக்கார்டிங்தான் வழி. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, ஒரு நிமிஷம் யோசிக்க, ரெண்டு நிமிஷம் பேச. தலைப்பு மாறலாம், ஆனா கஷ்டம் ஒரே அளவுல இருக்கணும். நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை, கால் விநாடிக்கு மேல எத்தனை இடைவெளி, நூறு வார்த்தைக்கு எத்தனை தப்பு, மூணையும் எண்ணுங்க. தப்பை மட்டும் எண்ணினா ஏமாந்துடுவீங்க. 'வென்ட்'னு (went) சரியா சொல்லிட்டிருந்தவர் திடீர்னு 'கோ'வோட 'எட்' சேத்து 'கோட்'னு (goed) தப்பா சொல்வார். முன்னாடி மனப்பாடம், இப்போ விதி பிடிபட்டிருக்கு. தப்பு கூடினது வளர்ச்சியாவும் இருக்கலாம்.

சொல்வளம் பாக்கறவங்க வெவ்வேற வார்த்தையை மொத்த வார்த்தையால வகுப்பாங்க. பேச்சு நீள நீள அந்த விகிதம் இறங்கிடும். நிறையப் பேசறவருக்குத்தான் அடி! எல்லாரோடதுலயும் முதல் 150 வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்துக்கோங்க.

மொழிப் பாடம் முடிஞ்ச அப்புறம்? அமெரிக்காவுல ஸ்பானிஷ் படிச்சவங்களை வச்சு ஹாரி பாரிக்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 1984ல வெளியிட்ட ஆய்வு இருக்கு. முதல் 3லிருந்து 6 வருஷம் சரசரன்னு மறக்குது. தங்கினது 30 வருஷம் போல அப்படியே நிக்குது. படிக்கறப்போ ஆழமா படிச்சவங்களுக்கு மிச்சமும் அதிகம்.

அந்த மறதியைப் பிடிக்க, நாலுல ஒண்ணு தேர்ந்தெடுன்னு மட்டும் கேள்வி வச்சா பத்தாது. வார்த்தையைப் பாத்தா அடையாளம் தெரியும், தானா வாயில வராது. தானா எழுதச் சொல்லி ஒரு பகுதியும் சேத்து, ரெண்டுக்கும் தனித்தனியா மார்க் போடுங்க.