மாமியார் வீட்டு அடுப்படியில் கெமர் படித்தேன்

நண்பர்களே, வணக்கம். கம்போடியாவின் கெமர் மொழியை எந்த வகுப்பில் கற்றீர்கள் என்று இங்கே வந்ததிலிருந்து நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். வகுப்புக்கெல்லாம் போகவில்லை. அந்த நாட்டின் தலைநகர் புனோம் பென்னில் என் மாமியார் வீட்டு அடுப்படிதான் வகுப்பு. கம்போடியாவில் கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண்வீட்டோடு போய்த் தங்குவது சாதாரண வழக்கம், நானும் அப்படித்தான் போனேன், போன அன்றே மனைவியிடம் வீட்டுக்குள் இனி ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கஷ்டமான முடிவுதான். ராத்திரி சாப்பாட்டில் எல்லாரும் பேசிச் சிரிக்க, நான் ஒன்றும் புரியாமல் மீன் முள்ளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் நிறைய. ஆனால் அந்த நாட்களில்தான் காது திறந்தது.

முதலில் காதில் நின்றது 'ஞாம் பாய் நோவ்?' சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நம் ஊர் மாதிரியே அங்கேயும் அதுதான் நலம் விசாரிப்பு. 'பாய்' என்றால் சோறு. அரிசிக்கு 'அங்கா', நெல்லுக்கு 'ஸ்ரோவ்'. மூன்றுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லோடு வருகிறவர்கள் இதில் தடுமாறுவார்கள், தமிழ் பேசுகிறவர்களுக்கு அந்தத் தடுமாற்றமே வராது. அதனால்தான் சொல்கிறேன், கெமரை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள், தமிழிலிருந்து நேராகப் போங்கள்.

அப்புறம் உறவுமுறை. 'நான்' என்பதற்கு 'க்ஞோம்' என்று ஒரு சொல் உண்டு, அதன் பழைய பொருள் அடிமை, நம் 'அடியேன்' போல. ஆனால் வீட்டுக்குள் அதைவிட உறவுப்பெயர்தான் அதிகம் ஓடும். மூத்தவர் ஆணோ பெண்ணோ 'போங்', இளையவர் 'ஓன்'. மனைவி கணவனைக் கூப்பிடுவதும் போங்தான், கணவன் மனைவியைக் கூப்பிடுவது ஓன். எதிரில் இருப்பவர் மூத்தவரா இளையவரா என்று தெரியாமல் ஒரு வாக்கியத்தைக்கூட ஆரம்பிக்க முடியாது, அதனால் வயது கேட்பதை அங்கே யாரும் தப்பாக நினைப்பதில்லை. அம்மா அப்பாவைவிட மூத்தவர் என்றால் 'ஓம்'. பெரியப்பா, பெரியம்மா, மூத்த மாமா, மூத்த அத்தை எல்லாருக்கும் அந்த ஒரு சொல்தான். அப்பா வழி, அம்மா வழி என்ற பிரிவு அதில் கிடையாது. அதற்குப் பழக எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

வீட்டிலேயே படிப்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வீட்டில் யார் பேச்சு அதிகமோ அது நம் வாயில் ஒட்டிக்கொள்ளும். ஆமாம் என்பதற்குப் பெண்கள் 'சா' என்பார்கள், ஆண்கள் 'பாட்' என்பார்கள். பகலெல்லாம் மாமியாரோடும் மனைவியோடும் இருந்த எனக்கு 'சா'தான் வந்தது, திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இன்னொன்று, தெருப் பையன்கள் தங்களுக்குள் 'ஸீ பாய்' என்று பேசுவதைக் கேட்டு, ஒருநாள் பாட்டியிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்க அதையே சொல்லிவிட்டேன். விலங்குகள் தின்பதற்கும், நெருங்கிய சேக்காளிகளுக்குள்ளும் வருகிற சொல் அது. பாட்டி கோபப்படவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக, இரண்டு முறை 'பிசா, பிசா' என்றார். பெரியவர்களுக்கு அந்தச் சொல். பிக்குகளுக்கு வேறு, அரசருக்கு வேறு. எந்த அகராதியும் அதை எனக்கு அப்படிப் பதிய வைத்திருக்காது.

தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்ததும் ஒரு தவறு. 'தாத்தா சொன்னார்' என்பதை என் நோட்டில் 'தா தா' என்று எழுதி வைத்திருந்தேன், அப்படியே படித்தேன், யாருக்கும் புரியவில்லை. மனைவியின் அக்கா மகள், பள்ளிக்கூடம் போகிற சின்னப் பெண், தன் உள்ளங்கையை என் வாய்க்கு நேராகப் பிடித்தாள். முதல் 'தா', தாத்தா, அதற்குக் கையில் காற்று படக்கூடாது. இரண்டாவது 'தா', சொல்வது, அதற்குக் காற்று படவேண்டும். படாத வரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், பட்டதும் கையை எடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அதோடு அந்த நோட்டை மூடிவிட்டேன். புத்தகத்தில் மீன் 'த்ரெய்', ஆனால் புனோம் பென் பேச்சில் அந்த 'ர' கரைந்துபோகும் என்பதும் காதால் மட்டுமே பிடிபட்ட விஷயம்.

எழுத்துக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் போனேன். அது பல்லவர் எழுத்திலிருந்து வளர்ந்தது. தேதி உள்ள மிகப் பழைய கெமர் கல்வெட்டு, அங்கோர் போரேயில் கிடைத்தது, கி.பி. 611ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மெய்யெழுத்து 33, அவை இரண்டு வரிசையாகப் பிரியும், ஒரே உயிர்க்குறி வரிசைக்கு ஏற்ப வேறு ஒலி தரும். அரிசி 'அங்கா', நாம் அங்கோர் என்கிற கோயில் நகரம் 'அங்கோ', இரண்டுக்கும் நடுவில் மாறுவது ஒரே ஒரு மெய்தான். இரண்டு ஒலியும் ஏற்கெனவே காதில் இருந்ததால் எனக்கு அந்த விதி பாரமாகத் தெரியவில்லை.

நான் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்தது அடுப்படிச் சுவரில் தொங்கிய காலண்டரை. ஜனவரிக்கு 'மக்கரா', மார்ச்சுக்கு 'மீனா', அப்புறம் 'மேசா', 'மித்துனா', 'கஞ்ஞா', 'தொலா'. அம்மா பஞ்சாங்கத்தில் பார்க்கிற ராசிகள் இவை! மகரம், மீனம், மேஷம் என்று மாமியாரிடம் தமிழில் சொல்லிக் காட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று, பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக விரல் வைத்து என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார், பின்னாலேயே தானும் சொன்னார்.