ராஜினாமா கொடுத்த மறுநாள் சம்பளத்தை உயர்த்துகிறார்கள்: இருப்பதா, போவதா?

இந்தக் கேள்வி கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவர், கடலூர் சிப்காட்டில் உள்ள ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் நான்கு ஆண்டு ஐந்து மாதங்களாக வேலை பார்க்கிறார். சம்பளம் 34,000 ரூபாய். புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு மருந்து நிறுவனம் 45,000 ரூபாய்க்கு ஆஃபர் லெட்டர் கொடுத்திருக்கிறது. அதை நம்பி, இரண்டு மாத நோட்டீஸுடன் இவர் ராஜினாமா கொடுத்துவிட்டார். மறுநாளே மேனேஜர் அழைத்து, "46,000 ஆக்கித் தருகிறோம், கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்" என்றிருக்கிறார். "இரண்டு ஆண்டுகளாகக் கேட்டும் கிடைக்காதது ஒரே நாளில் கிடைக்கிறது. ஆயிரம் ரூபாய் கூடுதல், வீட்டுக்கும் பக்கம். இருந்துவிடலாமா ஐயா?" என்று கேட்கிறார்.

கடிதத்தின் நடுவில் அவரே போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறார்: "சேர்ந்த நாளிலிருந்து டைட்ரேஷன்தான் செய்கிறேன், ஹெச்.பி.எல்.சி.யைத் தொட்டதே இல்லை." டைட்ரேஷன் என்பது கையால் செய்யும் அடிப்படைச் சோதனை; ஹெச்.பி.எல்.சி. என்பது ஒரு கலவையில் என்னென்ன, எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கருவி. என்னைப் பொறுத்தவரை முழுக் கேள்வியும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. பியூரெட்டைப் பிடித்து அமிலத்தன்மையும் ஈரப்பதமும் பார்ப்பது தேவையான வேலைதான். அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் மருந்துத் துறையில் ஆய்வகப் பணிக்கு ஆள் எடுக்கும்போது, எந்தெந்தக் கருவியில் நீங்களே மாதிரியை ஏற்றி, அது தரும் வரைபடமான குரோமட்டோகிராமை எடுத்து, அதன் பதிவேட்டைத் தணிக்கைக்குத் தாங்குகிற விதத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். இன்னும் நான்கு ஆண்டுகள் கழித்து, எட்டு ஆண்டு அனுபவத்தோடு நீங்கள் வேறு வேலை தேடினால், இரண்டு ஆண்டு ஹெச்.பி.எல்.சி. அனுபவம் உள்ள இளைஞருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். மேனேஜர் சொன்ன 46,000 ரூபாய் இந்த நிலையை மாற்றவில்லை. நீங்கள் கிளம்ப நினைத்த காரணங்களில் ஒன்றுக்கு மட்டும்தான் அது பதில் சொல்கிறது.

இரண்டு ஆண்டுகளாக இல்லாத பணம் ஒரே இரவில் எங்கிருந்து வந்தது? உங்கள் மேனேஜரைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. நான் மனிதவளத் துறையில் இருந்தவன். நிர்வாகத் தரப்பில் அந்த ஒரு நாளில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். பழகிய ஆய்வாளர் ஒருவர் போனால், புதியவரைத் தேடி எடுத்து, அவர் தனியாக ஷிஃப்ட் பார்க்கிற அளவுக்குத் தயார் செய்யப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் வாடிக்கையாளர் தணிக்கை ஏதாவது வந்துவிட்டால், முடிவுகளில் கையெழுத்திட ஆள் இருக்காது. அந்த நெருக்கடியைத் தள்ளிப்போடுவதற்கான விலைதான், போகிறவரை நிறுத்த நிர்வாகம் முன்வைக்கும் இந்தக் கவுண்டர் ஆஃபர். ஆகவே, இந்தப் பணம் யாருடைய தேவைக்காக வருகிறது, அந்தத் தேவை எத்தனை மாதம் நீடிக்கும் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அடுத்த மூன்று மாதங்களில் உங்கள் ஆய்வகத்தில் தணிக்கை எதுவும் இருக்கிறதா என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த உயர்வு தனியா, இல்லை ஏப்ரலில் வர வேண்டிய இன்கிரிமென்ட்டையே முன்னதாகக் கொடுக்கிறார்களா? பின்னது என்றால், அடுத்த ஏப்ரலில் "உங்களுக்குத்தான் கொடுத்தாயிற்றே" என்ற பதிலுக்குத் தயாராக இருங்கள்.

கணக்குக்கு வருவோம். 45,000, 46,000 என்ற இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. சேதராப்பட்டு நிறுவனத்தின் 45,000 சி.டி.சி.யா (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு), மொத்தச் சம்பளமா என்று பாருங்கள். சி.டி.சி. என்றால், அடிப்படைச் சம்பளம் 20,000 என்றும் பி.எஃப். 15,000 ரூபாய் வரம்புக்கே பிடிக்கப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு 1,800 ரூபாயும், பணிக்கொடைக்காக (கிராஜுவிட்டி) ஒதுக்கும், அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதமான 962 ரூபாயும் அந்த 45,000-க்குள்ளேயே அடங்கியிருக்கும். மிச்சம் 42,238. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போனால், மற்ற சில்லறைப் பிடித்தங்களுக்கு முன்பாகவே, கைக்கு வருவது 40,438 ரூபாய். மேனேஜர் வாயால் சொன்ன 46,000-ஐயும் இதே முறையில் பிரித்துப் பாருங்கள். உயர்வு அடிப்படைச் சம்பளத்தில் சேர்கிறதா, ஏதாவது ஒரு படியில் சேர்கிறதா, இல்லை "தக்கவைப்பு போனஸ்" என்று ஒரு தொகையாகக் கொடுத்துவிட்டு, ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கப் போகிறார்களா என்பதைப் பொறுத்து அந்த எண்ணின் பொருளே மாறிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும்: பணிக்கொடை. நிரந்தரப் பணியாளர் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பணியாற்றினால்தான் அது கிடைக்கும் என்பது பொது விதி. நான்கு ஆண்டுகளை முடித்து, ஐந்தாவது ஆண்டில் 240 நாள் பணி செய்திருந்தால் அதையும் ஐந்து ஆண்டாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் அடிப்படைச் சம்பளம் 18,000 என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பிறகு 5-ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 51,900 ரூபாய் வருகிறது. நீங்கள் இப்போது நான்கு ஆண்டு ஐந்து மாதத்தில் இருக்கிறீர்கள்; நோட்டீஸ் காலம் முடியும்போது நான்கு ஆண்டு ஏழு மாதம் ஆகியிருக்கும். அதாவது, ஒன்றிரண்டு மாதக் குறைவில் இந்தத் தொகையை விட்டுவிட்டுப் போகப் போகிறீர்கள். ஆகவே சேரும் தேதியை அந்த அளவுக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று சேதராப்பட்டு ஹெச்.ஆரிடம் கேளுங்கள். சம்மதித்தால், கடைசி வேலை நாளையும் அதற்கேற்ப மாற்றித் தரும்படி இங்கே எழுதிக் கொடுங்கள். உங்களை இருக்கச் சொல்கிற மேனேஜர் அதை மறுப்பதற்குக் காரணம் இல்லை. தேதி மாறாது என்று சேதராப்பட்டில் சொன்னால், அங்கே சேரும்போது ஒரு தொகை தர முடியுமா என்று கேட்பதிலும் தவறில்லை.

பயணத்தை அலட்சியப்படுத்த நான் தயாராக இல்லை. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சேதராப்பட்டுக்குப் போக ஏறத்தாழ 35 கிலோமீட்டர். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் தாண்டி, மரப்பாலம் நெரிசலில் நின்று, புதுச்சேரி நகரத்தைக் கடந்து மறுபக்கம் போக வேண்டும். சனிக்கிழமை மாலையில் சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே அதே வழியில் திரும்ப வேண்டும். கம்பெனி பஸ் கடலூர் வரை வருகிறதா, அரியாங்குப்பத்தோடு நின்றுவிடுகிறதா என்று இன்றே கேளுங்கள். தினமும் பைக்கில்தான் என்றால், பெட்ரோல் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, வில்லியனூர்ப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்க முடியுமா என்று வீட்டில் பேசுங்கள். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுவது எந்தச் சம்பளத்துக்கும் தகாது.

கவுண்டர் ஆஃபரை ஏற்பது எப்போதுமே தவறு என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சம்பளம் ஒன்றுதான் குறை, வேலை பிடித்திருக்கிறது, கற்றுக்கொள்ள இடம் இருக்கிறது, வீட்டில் உடல்நிலை சரியில்லாத பெற்றோர் இருக்கிறார்கள் என்றால், தாராளமாக இருக்கலாம். உங்கள் ஆலையிலேயே ஹெச்.பி.எல்.சி. பிரிவு இருந்து, குறிப்பிட்ட தேதியிலிருந்து உங்களை அங்கே மாற்றுகிறோம் என்று எழுத்தில் கொடுத்தால், என் பதிலும் மாறும். "பார்க்கலாம், சொல்லி வைக்கிறேன்" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி இருப்பதாக முடிவு செய்தாலும், புதிய சம்பள விவரமும், அது நடைமுறைக்கு வரும் தேதியும், உங்கள் ராஜினாமா திரும்பப் பெறப்பட்டதை நிர்வாகம் ஏற்றுக்கொண்டது என்ற வாசகமும் ஹெச்.ஆர். கையெழுத்துடன் கைக்கு வந்த பிறகே மற்ற நிறுவனத்துக்கு மறுப்புத் தெரிவியுங்கள். மேனேஜர் சொன்னதை நம்பி அந்த வேலையை விட்டுவிட்டு, இங்கே கோப்பில் ராஜினாமா அப்படியே கிடந்தால், இரண்டு இடமும் இல்லாமல் போய்விடும். 46,000-ஐக் காட்டி சேதராப்பட்டில் மீண்டும் பேரம் பேசும் யோசனையும் வேண்டாம். அங்கே 45,000-க்கு நீங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், நம் பகுதியில் இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்வதென்றால், நான் போகத்தான் சொல்வேன். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் வியாழக்கிழமையே மேனேஜரை நேரில் பார்த்து, "நீங்கள் முன்வந்ததற்கு நன்றி சார், கருவி வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்பதால் போகிறேன், நோட்டீஸ் காலம் முழுவதும் இருந்து பொறுப்பை ஒப்படைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். இரண்டு ஆண்டுப் பழைய குறைகளை அங்கே எடுக்க வேண்டாம். ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும். பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல், வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். அடையாள எண்ணான அதே யு.ஏ.என். எண்ணில் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து ஆண்டு முடிவதற்குள் எடுத்தால் வரி வரக்கூடும், ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்து ஆண்டுக் கணக்கும் மாற்றினால்தான் தொடரும்.