சுவர் யாருடையது?

அவைத் தலைவர் அவர்களே, தொடக்கவுரையிலேயே நான் சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லி என் சுமையைக் குறைத்துவிட்ட துணைவேந்தர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து என் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுக்கொண்டிருக்கும் மூத்த சிற்பி ஐயா அவர்களே, நூலகப் பொறுப்பாளர் அம்மையார் அவர்களே, வர இயலாவிட்டாலும் நீண்ட வாழ்த்துச் செய்தி அனுப்பிய முன்னாள் முதல்வர் அவர்களே, ஒலிபெருக்கியை மூன்று முறை தட்டிப் பார்த்துச் சரிசெய்து தந்த தம்பி அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

சிற்பி ஐயாவுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. காலையில் வாசலில் என்னைப் பார்த்தவர், "கல்லே இல்லாத இடத்தில் எதையப்பா செதுக்குகிறாய்?" என்று கேட்டார். என்னிடம் அப்போது பதில் இல்லை. இந்த உரை முடிவதற்குள் சொல்லிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இன்று மூன்று செய்திகள். கணினித் திரைக்குள் பலரும் கூடி உலவும் மெய்நிகர் உலகத்தில் ஓவியமும் சிற்பமும் எப்படிக் கற்பிப்பது என்பது முதலாவது. அங்கே எத்தகைய கலை பிறக்கிறது என்பது இரண்டாவது. அதற்கு மதிப்பெண் போடுவது எப்படி என்பது மூன்றாவது. அதற்கு முன் என் பழமொழியைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் படித்தவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம். உடம்பைப் பேணச் சொல்வதற்காகப் பெரியவர்கள் இதைச் சொன்னார்கள். நான் சர்வரை, அதாவது மெய்நிகர் உலகத்தைத் தாங்கி நிற்கும் கணினியை, பேணச் சொல்வதற்காகச் சொல்கிறேன்.

முதல் செய்திக்கு வருகிறேன். இந்த உலகங்களுக்குள் இதுவரை போகாதவர்களுக்காக ஒரு விளக்கம். செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகம் 2003இல் திறக்கப்பட்டது. அதில் ஒரு நிலப்பகுதி என்பது 256 மீட்டர் நீளம், 256 மீட்டர் அகலம். அதற்குள் உங்கள் அவதாரம், அதாவது உங்களுக்காகத் திரையில் உலவும் உருவம், நடக்கும், பறக்கும், உட்காரும். அவதாரம் என்பதும் நம் புராணங்களிலிருந்து போன சொல்தான். வெளிநாட்டுப் பயணம் முடித்துக் கணினிப் பொட்டியோடு திரும்பி வந்திருக்கிறது. அங்கே எதைக் கட்டுவதற்கும் அடிப்படை, பிரிம் எனப்படும் எளிய வடிவங்கள். கனசதுரம், உருளை, கோளம், இன்னும் சில. அவற்றை நீட்டலாம், முறுக்கலாம், குடையலாம், வெட்டலாம், ஒன்றோடொன்று பிணைக்கலாம். 1904இல் பிரெஞ்சு ஓவியர் செசான் இளம் ஓவியர் எமில் பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில், இயற்கையை உருளையாக, கோளமாக, கூம்பாகக் கையாளச் சொன்னார். நூறு ஆண்டு கழித்து அந்தக் கடிதம் பொத்தான்களாக மாறித் திரையில் வந்து நின்றது. செசானைப் புரியவைக்க நான் முன்பெல்லாம் இரண்டு வாரம் எடுத்துக்கொள்வேன். இப்போது மாணவி ஒரு மரத்தைக் கட்டி முடிப்பதற்குள் புரிந்துகொள்கிறாள்.

அங்கே தாராளம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். தொடக்க ஆண்டுகளில் ஒரு நிலப்பகுதி முழுவதற்கும் 15,000 பிரிம்கள்தான். ஒரு பிரிம் எந்தப் பக்கத்திலும் 10 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. ஓவியனுக்கு இதைவிட நல்ல ஆசான் கிடையாது. ஒரு மாணவன் ஒரே சங்கிலிக்கு 400 பிரிம்களைச் செலவழித்துவிட்டு, கோபுரத்துக்கு ஒன்றுமில்லாமல் விழித்துக்கொண்டு நின்றான். எதை விடுவது என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டான்.

காகிதத்தில் படம் போடும்போது பார்ப்பவன் எங்கே நிற்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கிறோம். அங்கே அந்த அதிகாரம் நமக்கில்லை. அவதாரம் ஓரிடத்தில் நிற்க, பார்வை மட்டும் தனியே பறந்து சுவருக்குப் பின்னால் போகும். முகப்பை மட்டும் அழகாகச் செய்து பின்பக்கத்தை வெறுமையாக விட்ட மாணவி, பார்க்க வந்த முதல் ஆளே பின்பக்கத்தை எட்டிப் பார்த்தபோது அழுதேவிட்டாள். வெளிச்சமும் அப்படித்தான். நீங்கள் அந்திப்பொழுதுக்கென்று வண்ணம் தீட்டியிருப்பீர்கள். பார்ப்பவர் தம் திரையில் நண்பகல் சூரியனை வைத்துக்கொண்டு, "ஏன் இவ்வளவு வெளிறிப்போயிருக்கிறது?" என்று கேட்பார். இதைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் பேசலாம். ஆனால் பெட்டிக் கதையைச் சொல்லுங்கள் என்று கடைசி வரிசையிலிருந்து சீட்டு வந்திருக்கிறது.

சொல்கிறேன். ஒரு மெய்நிகர் உலகம், பெயர் வேண்டாம். அப்போது 14 மாணவர்களுக்கு உருவப்படம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆசிரியர் என்றால் கொஞ்சம் கம்பீரம் வேண்டாமா என்று என் அவதாரத்துக்கு ஒரு மேலங்கி வாங்கினேன். அந்த உலகத்தில் வாங்கிய பொருள் ஒரு பெட்டிக்குள் வரும். பெட்டியைத் தரையில் வைத்து, திறந்து, உள்ளே இருப்பதை எடுத்து அணிய வேண்டும். நான் அவசரத்தில் பெட்டியின் மேலேயே "அணி" என்ற பொத்தானை அழுத்திவிட்டேன். பெட்டி தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அவதாரத்தின் கண் வழியாகவே பார்க்கும் நிலையில் இருந்தேன். தன் தலை தனக்குத் தெரியுமா? (சிரிப்பு)

அப்படியே வகுப்புக்குப் போனேன். அன்றைய பாடம் என்ன தெரியுமா? மனித முகம். "முகத்தைக் கவனியுங்கள், கண்ணுக்கும் புருவத்துக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று பாருங்கள், என் முகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அரை மணி நேரம் பேசுகிறேன். எதிரே 14 அவதாரங்கள் அசையாமல் நிற்கின்றன. என் பேச்சில் கட்டுண்டு நிற்கிறார்கள் என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. என் தலையைச் சுற்றி நான்கு பக்கமும் "மேலங்கி, எல்லா அளவுகளிலும் கிடைக்கும்" என்ற விளம்பரம்! ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது என்று ஒருவருக்கும் துணிவில்லை. கடைசியில் ஒரு மாணவி எழுத்தில் கேட்டாள்: "ஐயா, இதுவும் பாடத்தில் சேர்ந்ததா?" நான் நிழல் தீட்டுவதைக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, "அதுதான் பாடமே. எல்லோரும் இப்போதே செய்து பாருங்கள்" என்றேன்.

கால் மணி நேரத்தில் 14 பேர் தலையிலும் பெட்டி. (நீண்ட சிரிப்பு)

இருங்கள், கதை இன்னும் முடியவில்லை. அவர்கள் வெறும் பெட்டியை வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் வரைந்திருந்தார்கள். ஒருத்தி முன்பக்கத்தில் சிரிக்கும் முகமும் பின்பக்கத்தில் தூங்கும் முகமும் தீட்டியிருந்தாள். ஒருவன் ஆறு பக்கத்திலும் தன் அப்பாவின் காதை மட்டும் வரைந்திருந்தான். ஏன் காது என்று கேட்டேன். "அவர் பேசவே மாட்டார் ஐயா, கேட்டுக்கொண்டே இருப்பார்" என்றான். இன்னொருவன், வகுப்பில் வாயே திறக்காத பையன், வெறும் கறுப்புப் பெட்டியோடு நின்றான். சோம்பேறி என்று நினைத்தேன். பிறகு தற்செயலாக என் பார்வையை நகர்த்தியபோது அது பெட்டிக்குள் நுழைந்துவிட்டது. உட்புறம் முழுக்க முகங்கள்! பெட்டியைக் குடைந்து உள்சுவர்களில் வரைந்திருக்கிறான். வெளியே நின்று பார்ப்பவனுக்கு எதுவும் தெரியாது. முப்பது ஆண்டு கற்பித்தலில் அதற்கு இணையான மாணவப் படைப்பை நான் பார்த்ததில்லை.

அந்த 14 பெட்டிகளையும் ஒன்றாகப் பிணைத்து ஒரு மரத்தில் தொங்கவிட்டோம். 84 பக்கங்கள், அந்தப் பையனுடைய பெட்டியின் உட்புறத்தைச் சேர்த்தால் 90. எங்கெங்கிருந்தோ வந்து பார்த்தார்கள். பிறகு ஒரு விடுமுறையில் மின்னஞ்சல் வந்தது. சேவை நிறுத்தப்படுகிறது, நாள் இது, இதுவரை உடனிருந்ததற்கு நன்றி. அவரவர் செய்ததை அவரவர் இறக்கிக்கொள்ளலாம் என்று ஒரு வழி இருந்தது. ஆனால் 14 பேர் சேர்ந்து செய்த ஒன்று யாருடையது? பிணைத்ததை அவிழ்க்க 14 பேரும் வந்தாக வேண்டும். ஆறு பேர்தான் கிடைத்தார்கள். அந்தப் பையன் கிடைக்கவில்லை. என்னிடம் இப்போது இருப்பது கணினித் திரையிலிருந்து பிடித்த ஒரே ஒரு மங்கலான படம். அதிலும் மரம் தெரியவில்லை. தலையில் பெட்டியோடு நான்தான் நிற்கிறேன்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். எங்களுக்குச் சித்திரம் இருந்தது. சுவர் ஊரார் வீட்டுச் சுவர்.

இரண்டாவது செய்தி, அங்கே பிறக்கும் கலை. ஜோசஃப் டிலாப் என்ற அமெரிக்கக் கலைஞர் 2008இல் செய்ததை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 1930இல் காந்தியடிகள் தண்டிக்கு நடந்தார் அல்லவா? அதே மார்ச் 12இல் தொடங்கி 26 நாட்கள், நியூயார்க்கில் ஒரு கலை மையத்தில், டிரெட்மில் என்னும் நடைப்பயிற்சிப் பட்டையின் மேல் இவர் நடந்தார். பட்டையைக் கணினியோடு இணைத்திருந்தார். இவர் ஓரடி வைத்தால் செகண்ட் லைஃபுக்குள் காந்தி அவதாரம் ஓரடி வைக்கும். மொத்தம் 240 மைல். அங்கே பறக்கலாம், நினைத்த இடத்துக்கு நொடியில் தாவலாம். எல்லோரும் பறக்கும் ஊரில் ஒருவர் மட்டும் கால் வலிக்க நடந்தார். துணைவேந்தர் அவர்கள் தம் உரையில், கணினிக் கலையில் உடலுழைப்பு இல்லை என்று மென்மையாகக் குறிப்பிட்டார்கள். அவர்களிடம் மிகுந்த பணிவோடு இந்த 240 மைலைச் சமர்ப்பிக்கிறேன். (கைதட்டல்)

அத்தோடு டிலாப் நிற்கவில்லை. அந்த அவதாரத்தின் வடிவத்தைக் கணினியிலிருந்து வெளியே எடுத்து, அட்டையை வெட்டி ஒட்டி, 17 அடி உயரக் காந்தியாக நிறுத்தினார். மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை அளவு. சிற்பி ஐயா, காலையில் கேட்டீர்களே, இதுதான் பதில். கல் இல்லை, அட்டைதான். ஆனால் வெளியே வந்துவிட்டது.

சாவ் ஃபெய் என்ற சீனக் கலைஞர் அதே செகண்ட் லைஃபில் ஆர்எம்பி சிட்டி என்று ஒரு நகரத்தையே கட்டி 2011 வரை நடத்தினார். நகரம் இன்று இல்லை. அதற்குள் எடுத்த காணொளிகளைத்தான் இன்று பார்க்கிறோம். இன்னும் பலரைச் சொல்லலாம். தலைவர் அவர்கள் மணியைக் கையில் எடுத்துவிட்டதால், இவர்கள் இருவரும் எதனால் தப்பினார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். படைப்பு முழுவதையும் ஓரிடத்தில் விட்டுவைக்கவில்லை, அதனால்தான்.

மற்றவர்களைப் பாருங்கள். கூகுள் 2008 ஜூலையில் லைவ்லி என்று ஒரு மெய்நிகர் உலகத்தைத் திறந்தது, டிசம்பர் முடிவில் மூடியது. ஒரு கல்வியாண்டுகூட இல்லை. ஆல்ட்ஸ்பேஸ் என்ற இன்னொரு மெய்நிகர் உலகம் 2023 மார்ச்சில் போனது. செகண்ட் லைஃப் இன்றும் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கல்வி நிறுவனங்களுக்குத் தந்துவந்த பாதி விலைச் சலுகையை 2011 தொடக்கத்திலிருந்து நிறுத்துவதாக 2010 அக்டோபரில் அறிவித்தார்கள். கல்வியாண்டின் நடுவில்! 2013இல் சலுகை திரும்பி வந்தது. அதற்குள் எத்தனையோ வளாகங்கள் மூட்டை கட்டிவிட்டன. அது அவர்கள் சுவர், அவர்கள் விலை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சொந்தச் சுவர் எழுப்பாத நம்மைத்தான் நான் சொல்கிறேன்.

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடுவதற்கு முன் இளங்கோ அரங்கை அளக்கிறார். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஆட்டம் அதற்குப் பிறகுதான். நம் பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பெரியோர்கள் மென்பொருள் பெயரைக் கேட்கிறார்கள், கண்ணில் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட்டின் விலையைக் கேட்கிறார்கள். அரங்கு யாருடையது என்று கேட்பதில்லை.

சொந்தச் சுவர் முடியாத காரியமும் அல்ல. ஓப்பன்சிமுலேட்டர் என்ற திறந்த மூல மென்பொருள், அதாவது யாரும் எடுத்து மாற்றி நடத்தக்கூடிய மென்பொருள், 2007 முதல் இருக்கிறது. செகண்ட் லைஃப் போன்ற ஓர் உலகத்தை நம் கணினியிலேயே நடத்தலாம். ஒரே கட்டளையில் நிலப்பகுதி முழுவதும், மலை, மரம், தொங்கும் பெட்டி உட்பட, ஒரு கோப்பாகச் சேமிக்கப்படும். வேறொரு கணினியில் ஏற்றினால் அப்படியே எழுந்து நிற்கும். மொசில்லா ஹப்ஸ் என்ற மெய்நிகர் சந்திப்பு இடத்தை 2024 மே மாத இறுதியில் மொசில்லா மூடியபோதும் அது திறந்த மூலமாக இருந்ததால், விருப்பமுள்ளவர்கள் எடுத்துத் தொடர்ந்து நடத்துகிறார்கள். யார் பராமரிப்பது என்று கணினிக்கூடப் பொறுப்பாளர் என்னை முறைக்கிறார். நியாயமான முறைப்பு. அவருக்கு ஓர் உதவியாளர் வேண்டும் என்பதையும் கோரிக்கையில் சேர்த்திருக்கிறேன்.

கோரிக்கை என்று சொன்னேன் அல்லவா, அது பின்மேசையில் இருக்கிறது. ஒரே பக்கம். வகுப்புக்கு எந்த மெய்நிகர் உலகத்தைத் தேர்ந்தாலும், படைப்பை வெளியே எடுக்க வழியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கூட்டுப் படைப்பு என்றால் நகலெடுக்க, மாற்ற, கைமாற்ற எல்லோருக்கும் அனுமதி உண்டு என்று முதல் நாளிலேயே எழுதிவைக்க வேண்டும். பருவம் முடிந்து வீட்டுக்குப் போகும் மாணவர் கையில் அவருடைய கோப்பு இருக்க வேண்டும். நூலக அம்மையார் ஒரு பிரதியை நூலகத்தில் வைத்துக்கொள்ள இசைந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். (கைதட்டல்)

மூன்றாவது செய்தி மதிப்பெண். மணி அடித்தாகிவிட்டது. பெட்டிக்குள் வரைந்த அந்தப் பையனுக்கு நான் எவ்வளவு போட்டேன் என்பதை இன்னொரு மேடையில் சொல்கிறேன்.

பிற்பகல் இரண்டரை மணிக்குக் கணினிக்கூடத்தில் ஓப்பன்சிமுலேட்டரை உங்கள் கண்முன்னே நிறுவிக் காட்டப் போகிறேன். பென்டிரைவ் கொண்டுவருபவர்கள் ஒரு நிலப்பகுதியை எடுத்துப் போகலாம். சிற்பி ஐயாவுக்கு முதல் வரிசையில் ஒரு நாற்காலியும் ஓர் அவதாரமும் ஒதுக்கியிருக்கிறது. உள்ளே என்னை அடையாளம் காண்பது எளிது. தலையில் பெட்டி இருக்கும்.